வேலையை விடாமல் பிஎச்.டி.: சேர என்ன வேண்டும், முடிக்க என்ன வேண்டும்?

கேள்வியை முதலில் சுருக்கி எடுத்துக்கொள்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கும் டீச்சர் கேட்டிருக்கிறார். எம்.ஏ. முடித்துச் சில வருஷம் ஆயிற்று, மதிப்பெண் 54.6 சதவீதம், எம்.பில். படிக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலையை விட முடியாது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பகுதி நேர பிஎச்.டி. சேர முடியுமா, எத்தனை வருஷம் ஆகும், ‘தாமிரபரணிப் பாசன வரலாறு’ என்று தலைப்பு எடுக்கலாமா என்பவை கேள்விகள். முக்கால்வாசி சேர்வதைப் பற்றித்தான். ஆனால் கடைசியில் ஒரு வரி வருகிறது: “எங்கள் பள்ளியிலேயே இரண்டு பேர் சேர்ந்துவிட்டுப் பாதியில் நிற்கிறார்கள், எனக்கும் அதே கதி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.” டீச்சர், நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். சேர்வதற்கான விதிகளை எந்த அறிவிப்பிலும் படித்துவிடலாம். எங்கே நின்றுபோகிறது என்பது அறிவிப்பில் இருக்காது.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். சில பேருக்கு கைடாக, அதாவது ஆய்வு வழிகாட்டியாக இருந்திருக்கிறேன், வேறு பல்கலைக்கழகங்களின் வைவாக்களில் (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு) வெளித்தேர்வாளராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் நான் சொல்வது கலைப் பாடங்களுக்குப் பொருந்தும். ஆய்வகத்தில் நடக்கும் அறிவியல் ஆராய்ச்சிக்கு வேறு கணக்கு, அதை அந்தத் துறைக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. ஒழுங்குமுறை நாடு முழுக்க ஒன்றுதான். அதில் இருப்பதை உறுதியாகச் சொல்வேன். கட்டணம், விண்ணப்பத் தேதி, நுழைவுத் தேர்வு நடைமுறை, எத்தனை பிரதி சமர்ப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், வருஷத்துக்கு வருஷம் மாறும். அதை அபிஷேகப்பட்டியில் உள்ள உங்கள் பல்கலைக்கழகம் வெளியிடும் அந்தந்த வருஷத்து அறிவிப்பில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய பிடிஎஃப்பை நம்ப வேண்டாம்.

மதிப்பெண்ணில் ஆரம்பிப்போம், ஏனென்றால் உங்களுக்கு முதல் முட்டுக்கட்டை அங்கேதான். மூன்று வருஷ இளங்கலைக்குப் பிறகு இரண்டு வருஷ முதுகலை படித்தவர்களுக்கு 55 சதவீதம் வேண்டும். 54.6-ஐ 55 ஆக்கிக்கொள்ளலாமா? கூடாது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வான நெட்டின் அறிவிப்பிலேயே ‘முழுமையாக்காமல் 55’ என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள். ஆனால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், கிரீமி லேயருக்குள் (வசதி படைத்த பிரிவு) வராத ஓபிசி எனும் இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதம் தளர்வு தர ஒழுங்குமுறை இடம் கொடுக்கிறது. இந்தப் பிரிவுகளில் நீங்கள் ஒன்றில் இருந்தால் 50 போதும், 54.6 தாராளம்.

இங்கே நம் ஊரில் நிறையப் பேர் இடறும் இடம் ஒன்று உண்டு. நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மாநில அரசின் பட்டியலுக்கானது. ஓபிசி சான்றிதழ் மத்தியப் பட்டியலுக்கானது, அதைத் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் சாதி அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கிரீமி லேயர் கணக்கு உங்கள் பெற்றோரின் நிலையை வைத்துப் பார்ப்பது, உங்கள் கணவரின் சம்பளத்தை வைத்து அல்ல. ‘வீட்டுக்காரர் சம்பளம் எட்டு லட்சத்துக்கு மேலே, கிடைக்காது’ என்று பயந்து விண்ணப்பிக்காமலே விட்டவர்களை எனக்குத் தெரியும். தளர்வுக்கு வழியே இல்லையென்றால், வேறொரு முதுகலையை 55-க்கு மேல் வாங்கி முடிப்பது ஒரு பாதை. இரண்டு வருஷம் போகும். அந்த எம்.ஏ.வை அஞ்சல் வழியிலோ இணைய வழியிலோ படித்தாலும் வழக்கமான கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் நீங்கள் சேரும் வருஷத்தில் அந்தப் பாடத்தை அப்படி நடத்த அந்த நிறுவனத்துக்கு அனுமதி இருந்திருக்க வேண்டும்.

எம்.பில். இல்லாததைக் குறையாக நினைக்காதீர்கள். அதே 2022 ஒழுங்குமுறை எம்.பில். படிப்பையே நிறுத்திவிட்டது. 2023 டிசம்பரில், அது அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இல்லை, யாரும் சேர வேண்டாம் என்று யுஜிசி மறுபடியும் எச்சரித்தது. பழைய எம்.பில். செல்லும், அவ்வளவுதான். உங்களுக்கு அது தேவையே இல்லை.

அடுத்தது தேர்வு. உள்ளே போக இரண்டு வாசல். ஒன்று நெட். 2024 ஜூன் தேர்விலிருந்து நெட்டில் மூன்று பிரிவாகத் தேர்ச்சி தருகிறார்கள்: உதவித்தொகையுடன் கூடிய ஜே.ஆர்.எஃப்., உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி. சேர்க்கை, பிஎச்.டி. சேர்க்கை மட்டும். பின்னிரண்டு பிரிவுகளில் அந்த மதிப்பெண் பிஎச்.டி. சேர ஒரு வருஷம்தான் செல்லும். தேர்வு மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று சேர்த்துத் தரவரிசை போடுவார்கள். இன்னொரு வாசல், பல்கலைக்கழகம் தானே நடத்தும் நுழைவுத் தேர்வு. அதில் பாதி ஆராய்ச்சி முறையியல், பாதி பாடம். 50 சதவீதம் எடுத்தால் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள், தளர்வு உள்ளவர்களுக்கு 45. இங்கேயும் 70-க்கு 30 கணக்குதான்.

இந்த இரண்டில் உங்களுக்கு நெட்டையே சிபாரிசு செய்வேன். வருஷத்துக்கு இரண்டு முறை வருகிறது, தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, மூன்று மணி நேரத்தில் 150 கேள்வி. ஒரு சங்கடம் என்னவென்றால் வரலாற்றுத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். தமிழ் வழியில் எம்.ஏ. படித்தவர்களுக்குப் பாடம் தெரியாமல் போவதில்லை, கலைச்சொல் புரியாமல் மதிப்பெண் போகிறது. பதினொன்று, பன்னிரண்டு வரலாற்றுப் பாடநூலின் ஆங்கிலப் பதிப்பை ஒரு முறை முழுக்க வாசித்துவிடுங்கள். நீங்கள் தினமும் நடத்தும் பாடம், அதனால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். நெட் எழுதுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பகுதி நேரம் என்பதை ஒழுங்குமுறை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. ஆனால் பகுதி நேரத்துக்கென்று விதி எதுவும் இளகாது. மதிப்பெண், தேர்வு, கோர்ஸ் ஒர்க் (சேர்ந்ததும் படித்துத் தேற வேண்டிய தாள்கள்) எல்லாம் முழு நேரக்காரர்களுக்கு உள்ளதே. கூடுதலாக, வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஆட்சேபணை இல்லாச் சான்று வேண்டும். அதை லெட்டர்ஹெட்டில் ஒற்றை வரியாக எழுதி வாங்கிவந்துவிடாதீர்கள். மூன்று விஷயம் அதில் இருக்க வேண்டும்: பகுதி நேரமாகப் படிக்க அனுமதிக்கிறோம், ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்கும் அளவுக்குத்தான் அவருடைய வேலை இருக்கிறது, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் முடிக்க விடுவிப்போம். மூன்றாவதில்தான் தாளாளர்கள் தயங்குவார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு பொதுத்தேர்வு சமயத்தில் ‘இப்போது லீவா?’ என்று முகம் சுளிப்பதும் உண்டு. எந்த மாதங்களில் உங்களுக்கு நாள் வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள். அஞ்சல் வழி பிஎச்.டி. என்று ஒன்று கிடையாது. ‘இரண்டே வருஷத்தில், வீட்டிலிருந்தபடியே’ என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். மூன்று வருஷத்துக்குக் குறைந்து யாருக்கும் பட்டம் கிடைக்க விதியில் இடமில்லை.

சரி, இனிமேல்தான் முக்கியமானது. உங்கள் பள்ளியில் நிற்கும் அந்த இரண்டு பேரை எனக்குத் தெரியாது. ஆனாலும் நின்றுபோனவர்கள் பலரிடம் பேசிப் பார்த்ததில் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: கைடு, இல்லாவிட்டால் தலைப்பு. படிப்பு வராமல் நின்றவர்கள் மிகக் குறைவு.

கைடு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். பட்டம் தருவது பல்கலைக்கழகம். ஆனால் நீங்கள் அபிஷேகப்பட்டி வளாகத்தில்தான் சேர வேண்டும் என்றில்லை. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டக் கல்லூரிகளும் இந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அவற்றில் ஆராய்ச்சி மையமாக அனுமதி பெற்ற துறைகளில் பதிவு செய்துகொள்ளலாம். எந்தக் கல்லூரியில் வரலாற்றுக்கு மையம் இருக்கிறது, அங்கே யார் கைடு, எத்தனை இடம் காலி என்று பல்கலைக்கழகத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும். ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டு பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும்தான் வைத்துக்கொள்ள முடியும். நல்ல கைடுகளிடம் இடம் எப்போதும் நிறைந்திருப்பது இதனால்தான். ‘தேர்வு பாஸ் ஆகிவிட்டது, கைடு கிடைக்கவில்லை’ என்று நிற்பவர்கள் ஊருக்குப் பத்து பேர் இருப்பார்கள். முதலில் கைடைப் பேசி வைத்துக்கொண்டு அப்புறம் தேர்வு எழுதுவதே நல்லது.

கைடைப் பார்க்கப் போகும்போது கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி, “சார் எப்போது ரிட்டையர் ஆகிறீர்கள்?” என்பது. ஓய்வுக்கு மூன்று வருஷத்துக்குள் இருப்பவர் புதிதாக ஆள் எடுக்கக் கூடாது. அதற்கு முன் எடுத்தவர்களுக்கு ஓய்வு நாள் வரை கைடாக இருக்கலாம், அதற்குப் பிறகு எழுபது வயது வரை இணை கைடாக மட்டும் தொடரலாம். அதாவது நான்கு வருஷத்தில் ஓய்வு பெறப்போகிறவரிடம் பகுதி நேரமாகச் சேர்ந்தால், இடையில் கட்டாயம் கைடு மாறும். புதிதாக வருபவருக்கு உங்கள் தலைப்பில் அக்கறை இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இரண்டாவதாக, அவரிடம் முடித்த ஒருவரையும், இப்போது படிக்கும் ஒருவரையும் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் திருப்பித் தருகிறார் என்று மட்டும் கேட்டால் போதும். பெரிய பெயர் உள்ளவரிடம் எட்டாவது ஆளாக நிற்பதைவிட, பிஎச்.டி. முடித்து ஐந்தாறு வருஷம் பாடம் நடத்தி, கட்டுரைகள் வெளியிட்டு, இப்போதுதான் கைடு அங்கீகாரம் வாங்கியிருக்கும் உதவிப் பேராசிரியரிடம் முதல் ஆளாகச் சேர்வது உங்களைப் போன்றவர்களுக்கு நல்லது என்பது என் கட்சி. என் வயதுக்காரர்கள் பலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தலைப்புக்கு வருவோம். ‘தாமிரபரணிப் பாசன வரலாறு’ என்பது தலைப்பு இல்லை, டீச்சர், அது ஒரு அலமாரி. ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் அணை பிரிட்டிஷார் கட்டியது, மற்றவை அதற்கு முந்தையவை. கல்வெட்டுக் காலம் தொடங்கி இன்றைய குடிநீர்த் திட்டங்கள் வரை எழுத வேண்டுமென்றால் ஆயுள் போதாது. அப்புறம், நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர் கேட்கப் போகும் முதல் கேள்வியே, “திருநெல்வேலிச் சீமையின் வேளாண் வரலாற்றை டேவிட் லட்டன் 1985-இலேயே புத்தகமாக எழுதிவிட்டாரே, நீங்கள் புதிதாக என்ன சொல்லப் போகிறீர்கள்?” என்பதாக இருக்கும்.

நானாக இருந்தால் இப்படிக் குறுக்குவேன். எட்டில் முதல் மூன்றும் உங்கள் ஊரைச் சுற்றியே இருக்கின்றன. அதில் கன்னடியன் கால்வாயை மட்டும் எடுங்கள். காலத்தையும் வெட்டுங்கள், 1900 முதல் 1960 வரை என்று வைப்போம். இதற்குள் 1940-களில் பாபநாசம் அணை வருகிறது, 1950-களில் மணிமுத்தாறு அணை வருகிறது. கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் தண்ணீர் பங்கிட்ட பழைய ஏற்பாடு இந்த அணைகளுக்குப் பிறகு எப்படி மாறிற்று, தலைமடைக்காரர்களும் கடைமடைக்காரர்களும் என்ன தகராறு செய்தார்கள், அதை யார் தீர்த்து வைத்தார்கள் என்பது கேள்வி. கேள்விக்குறி போட்டு முடிக்க முடிகிற தலைப்பு முடியும். ‘ஓர் ஆய்வு’ என்று முடிகிற தலைப்பு இழுத்துக்கொண்டே போகும்.

சான்றுகள் எங்கே என்பதையும் பதிவு செய்வதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வருவாய் வாரியம், பொதுப்பணித் துறை ஆகியவற்றின் பழைய நடவடிக்கைக் குறிப்புகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான் கதி. நெல்லை எக்ஸ்பிரஸில் போய் இறங்கினால் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் அது அரசு அலுவலகம், சனி ஞாயிறில் போய்ப் பயனில்லை. கைடு மூலமாகக் கடிதம் கொண்டுபோய் அனுமதி வாங்க வேண்டும். உங்களுக்குக் கிடைக்கும் நாட்கள் மே மாதமும் காலாண்டு, அரையாண்டு விடுமுறையும்தான். அதை மனதில் வைத்தே சான்றுகளின் அளவைத் தீர்மானியுங்கள். 1917-இல் வெளிவந்த பேட் துரையின் திருநெல்வேலி மாவட்ட கெசட்டியர் உங்களுக்கு அடிப்படை நூல், அதை முழுக்கப் படியுங்கள். மிச்சம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது: கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவிப் பக்கம் மடை பார்த்த குடும்பங்கள், விவசாயச் சங்கத்தாரின் மினிட் புத்தகங்கள், வீட்டுப் பரணில் கிடக்கும் தீர்வை ரசீதுகள். கன்னட நாட்டுப் பிரமச்சாரி ஒருவர் சேர மன்னனிடம் தானமாக வாங்கிய எள் பொம்மைக்குள் இருந்த செல்வத்தைக் கொண்டு கால்வாய் வெட்டினார் என்ற கதையை அங்கே எல்லோரும் சொல்வார்கள். கதையை எழுதிக்கொள்ளுங்கள், யார் சொன்னது, எந்த ஊர், என்ன தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைக் கால்வாய் வெட்டிய காலத்துக்குச் சான்றாக வைத்துவிடாதீர்கள். ஒரு வைவாவில் இப்படிப்பட்ட ஒரு தலபுராணத்தை அடிக்குறிப்பில் ஆதாரமாகக் காட்டியிருந்ததால் அரை மணி நேரம் அதிலேயே போனதைப் பார்த்திருக்கிறேன்.

இதே தலைப்பில் ஏற்கெனவே யாராவது பட்டம் வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க ‘ஷோத்கங்கா’ என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே முழுசாகவே கிடைக்கும், காசு கிடையாது. ஓர் இரவு உட்கார்ந்து தேடினால் இரண்டு நன்மை. தலைப்பு மோதுகிறதா என்று தெரிந்துவிடும், உங்கள் கைடாகப் போகிறவரின் மாணவர்கள் எந்தத் தரத்தில் எழுதியிருக்கிறார்கள் என்றும் தெரிந்துவிடும்.

சேர்ந்த பிறகு முதல் வேலை கோர்ஸ் ஒர்க். குறைந்தது 12 கிரெடிட். ஆராய்ச்சி முறையியலும், ஆராய்ச்சி வெளியீட்டு நெறிமுறைகள் என்ற தாளும் இதில் அடங்கும். 55 சதவீதம் எடுத்தால்தான் மேலே போகலாம். இதை முதல் வருஷத்திலேயே முடித்துவிடுங்கள், தள்ளிப் போடுகிறவர்கள் ஆய்வை ஆரம்பிப்பதே இல்லை. அதோடு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆராய்ச்சி ஆலோசனைக் குழுவின் முன் போய், என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். டி.சி. (டாக்டரல் கமிட்டி) மீட்டிங் என்பார்கள். நிறையப் பேர் இதைச் சடங்காக நினைத்து, முந்தின நாள் ராத்திரி எட்டு ஸ்லைடு தயாரித்துக்கொண்டு போய், ‘இலக்கிய மீளாய்வு நடந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். குழுவில் இருக்கிறவர்களும் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இப்படியே நான்கு மீட்டிங் போனால் இரண்டு வருஷம் போயிற்று, கையில் ஒரு பக்கம் கூட இருக்காது. ஒவ்வொரு டி.சி.க்கும் எழுதி முடித்த இருபது பக்கத்தோடு போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. ஆறு வருஷத்தில் பன்னிரண்டு மீட்டிங், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

காலக்கெடு இதுதான்: குறைந்தது மூன்று வருஷம், அதிகம் ஆறு வருஷம். மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு வருஷம் கிடைக்கும், மொத்தம் எட்டு. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதன் மேலும் இரண்டு வருஷம் உண்டு, ஆக மொத்தம் பத்தைத் தாண்டக் கூடாது. மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பாக, முழுப் படிப்புக்கும் சேர்த்து 240 நாள் வரை பெண்களுக்குக் கிடைக்கும். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாற நேர்ந்தால், செய்த ஆய்வை வேறு பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப்போகவும் விதி இருக்கிறது. இவை எல்லாம் உங்கள் உரிமை, யாரும் சலுகையாகத் தருவதில்லை. ஆனால் பத்து வருஷம் இருக்கிறதே என்று ஆரம்பிக்காதீர்கள். பள்ளி வேலையோடு ஐந்து வருஷம் நியாயமான கணக்கு. ஆறாவது வருஷத்துக்கு மேல் போனால் முதல் வருஷத்தில் சேகரித்ததை மறுபடி படிக்க வேண்டிவரும்.

கட்டுரை வெளியிடுவது பற்றி. 2016 விதிப்படி, ஆய்வேடு கொடுப்பதற்கு முன் ஆய்விதழில் ஒரு கட்டுரை, கருத்தரங்கில் இரண்டு கட்டுரை கட்டாயம். 2022 விதியில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை வைத்துக்கொள்ள முடியும், ஆகவே சேரும் அன்றே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் ஒரு நல்ல கட்டுரை எழுதுவது உங்களுக்குத்தான் லாபம். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போட்டுத் தருகிற இதழ்களில் போட்டு என்ன பயன்? வைவாவில் அதைப் புரட்டிப் பார்ப்பவர் உங்களை எடை போடுவது அதை வைத்துத்தான்.

கருத்துத் திருட்டுச் சோதனைக்கு 2018-இல் தனி விதி வந்தது. ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-லிருந்து 60 என்றால் ஒரு வருஷம் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. தமிழில் ஆய்வேடு எழுத உங்கள் பல்கலைக்கழகம் அனுமதித்து, நீங்களும் தமிழில் எழுதுவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். முதல் பக்கத்திலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்து கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. அதைச் சோதனை மென்பொருளால் சரியாகப் படிக்க முடியாது. கடைசி மாதத்தில் முந்நூறு பக்கத்தையும் மாற்றி, ஒற்றெழுத்தெல்லாம் சிதறி, பக்கம் பக்கமாகத் திருத்தி உட்கார்ந்திருப்பது சித்திரவதை. டைப்பிங் கடையில் ‘நாங்களே எழுதித் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். எழுதியவர் யார் என்பது வைவாவில் மூன்றாவது கேள்வியில் தெரிந்துவிடும்.

முடிவுக் கட்டம் இப்படி. ஆய்வேடு கொடுப்பதற்கு முன் குழுவின் முன்னாலும் துறையில் எல்லோர் முன்னாலும் ஒரு முறை விளக்க வேண்டும். பிறகு கைடும், குறைந்தது இரண்டு வெளித்தேர்வாளர்களும் மதிப்பிடுவார்கள். வெளித்தேர்வாளர் இருவரும் ஏற்றால்தான் வைவா. ஒருவர் நிராகரித்தால் மாற்றுத் தேர்வாளருக்குப் போகும், அவரும் நிராகரித்தால் ஆய்வேடு போயிற்று. கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அதற்கு மேல் இழுப்பதும் உண்டு, இதில் நீங்கள் செய்யக் கூடியது அதிகம் இல்லை. வைவா பொதுவில் நடக்கும், யாரும் வந்து கேள்வி கேட்கலாம். சேருவதற்கு முன்பே இரண்டு மூன்று வைவாக்களுக்குப் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள், பயம் பாதி போய்விடும். வைவா அன்று எல்லோருக்கும் விருந்து, சால்வை, அல்வாப் பொட்டலம் என்று ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. எந்த விதியிலும் அது இல்லை. டீயும் காராச்சேவும் போதும் என்று நான் என் மாணவர்களிடம் சொல்லிவிடுவேன், பாதிப் பேர் கேட்டதில்லை.

இவ்வளவும் எதற்காக என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். கல்லூரி வேலைக்காக என்றால், 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு பிஎச்.டி. கட்டாயம் இல்லை, நெட் அல்லது மாநில அளவில் நடக்கும் செட் தேர்வு போதும் என்று யுஜிசி விதியை மாற்றியது. நெட்டில் இன்னொரு லாபம் என்று மேலே சொன்னது இதைத்தான். உதவிப் பேராசிரியர் பிரிவிலேயே தேறிவிட்டால், பிஎச்.டி.க்குக் காத்திராமல் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். வேலை மட்டுமே குறி என்றால் முதல் இரண்டு வருஷத்தை நெட்டுக்குக் கொடுங்கள். கன்னடியன் கால்வாயில் யார் யாருக்குத் தண்ணீர் விட்டார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது என்றால் தாராளமாகச் சேருங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது: மத்திய ஓபிசிப் பட்டியலைப் பார்த்துச் சான்றுக்கு விண்ணப்பிப்பது, ஷோத்கங்காவில் தேடுவது, இரண்டு பக்கத்தில் உங்கள் கேள்வியையும் சான்றுகள் இருக்கும் இடங்களையும் எழுதுவது. அந்த இரண்டு பக்கத்தை எடுத்துக்கொண்டு மூன்று கைடுகளையாவது நேரில் பாருங்கள், ஒருவரோடு நிறுத்திவிடாதீர்கள். எழுதியதை இங்கேயே போட்டால் நானும் படித்துப் பார்க்கிறேன். சாதி, மதிப்பெண் விவரம் எதையும் பொதுவில் போட வேண்டாம், அந்த இரண்டு பக்கம் மட்டும் போதும்.